வேலை தேடி வெளியே போகுமுன் உங்கள் செலவுக் கணக்கைப் பாருங்கள்: நகரங்களை ஆள்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர்களுக்கும், நகர்மன்ற உறுப்பினர்களுக்கும், ஆணையர்களுக்கும்,

வணக்கம்.

நகரத்தில் வேலை இல்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம் உங்கள் மன்றங்களில் முதலில் வருகிற யோசனை ஒன்றுதான். வெளியிலிருந்து ஒரு பெரிய நிறுவனத்தை அழைத்து வர வேண்டும். நிலம் தருவோம், வரியைத் தள்ளுபடி செய்வோம், சாலை போட்டுக் கொடுப்போம், வரட்டும். புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் 'இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை' என்ற எண் தலைப்புச் செய்தியாகிறது. ஐந்தாறு ஆண்டு கழித்து அந்த எண் என்ன ஆனது என்று மன்றத்தில் எழுந்து கேட்பவர்கள் மிகக் குறைவு.

நான் சிறு தொழில் நடத்துகிறவர்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஒரு பட்டறை ஏன் இன்னோர் ஆளைச் சேர்க்கத் தயங்குகிறது, நல்ல கிராக்கி இருந்தும் ஓர் அச்சகம் ஏன் மூடப்படுகிறது என்பதெல்லாம் என் மேசைக்கு வரும் பேரேடுகளில் வரி வரியாகத் தெரியும். அந்த இடத்திலிருந்துதான் இந்த மடலை எழுதுகிறேன். வெளியே ஆள் தேடிப் போகும் முன், உங்கள் நகரம் இப்போதே செலவழிக்கிற பணம் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். உங்கள் நகரத்தில் இப்போதே இருக்கிற தொழில்கள் ஏன் வளராமல் நிற்கின்றன என்று கேளுங்கள். உள்ளூர் வேலைவாய்ப்பில் பாதிக்கு மேல் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெரிய நிறுவனத்தைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மனம் அங்கேதான் இருக்கும்.

2017இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மவுண்ட் பிளசன்ட் என்ற ஊருக்கு, மின்னணுப் பொருள்கள் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் நிறுவனம் வருவதாக அறிவிப்பு வந்தது. 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 பேருக்கு வேலை. பதிலுக்கு மாநில அரசு ஏறத்தாழ 300 கோடி டாலர் அளவுக்குச் சலுகை தர ஒப்புக்கொண்டது. ஊராட்சி கடன் வாங்கி நிலம் எடுத்தது, வீடுகளில் குடியிருந்தவர்கள் இடம்பெயர்ந்தார்கள், சாலையும் தண்ணீர்க் குழாயும் போடப்பட்டன. 2021இல் ஒப்பந்தம் திருத்தி எழுதப்பட்டபோது வேலைகளின் எண்ணிக்கை 1,454 ஆகச் சுருங்கியிருந்தது. மாநில அரசின் சலுகை 8 கோடி டாலர் வரை என்று குறைக்கப்பட்டது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மாநிலத்தின் வரிச்சலுகை, வேலை உருவான பிறகுதான் கிடைக்கும் என்று எழுதப்பட்டிருந்தது. அதனால் மாநிலம் பெருமளவு தப்பித்தது. ஊராட்சி வாங்கிய கடனுக்கும், எடுத்த நிலத்துக்கும், போட்ட சாலைக்கும் அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. பணம் முன்கூட்டியே செலவாகிவிட்டது. பின்னாளில் அந்த இடத்தின் ஒரு பகுதியில் மைக்ரோசாஃப்ட் தரவு மையம் கட்ட வந்தது ஊரின் நல்ல நேரம். ஆனால் எந்த நகரமும் அப்படியொரு நேரத்தை நம்பித் திட்டம் போட முடியாது. பெரிய நிறுவனத்தோடு பேரம் பேசும் மேசையில் எப்போதும் கீழ்மட்ட நிர்வாகம்தான் முதலில் கை நனைக்கிறது, கடைசியில் கை துடைக்கிறது. நகரத்தின் சார்பில் கையெழுத்துப் போடும் நீங்கள் இதை மறக்கவே கூடாது.

அதே 2017இல் அமேசான் தன் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடுவதாகச் சொன்னது. 50,000 வேலை என்றார்கள். 238 இடங்களிலிருந்து விண்ணப்பங்கள் குவிந்தன. எத்தனை அதிகாரிகளின் எத்தனை மாத உழைப்பு அதில் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முடிவில் தேர்வானவை நியூயார்க்கும், வாஷிங்டனை ஒட்டிய வடக்கு வர்ஜீனியாவும். ஏற்கனவே செழித்திருந்த, படித்த ஆட்கள் நிறைந்திருந்த இரண்டு இடங்கள். உள்ளூர் எதிர்ப்பால் நியூயார்க்கிலிருந்து 2019 பிப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது.

கான்சஸ் சிட்டியின் கதை இன்னும் வேதனையானது. அந்த மாநகரப் பகுதியின் நடுவே கான்சஸ், மிசௌரி என்ற இரு மாநிலங்களின் எல்லை ஒரு தெருவாக ஓடுகிறது. பல ஆண்டுகள் இந்தப் பக்கத்து நிறுவனங்களை அந்தப் பக்கமும், அந்தப் பக்கத்து நிறுவனங்களை இந்தப் பக்கமும் சலுகை காட்டி இழுத்தன. பல ஊழியர்களுக்கு வீடு மாறவில்லை, அலுவலகம் மட்டும் சில கிலோமீட்டர் நகர்ந்தது. புதிய வேலை என்று அறிவிக்கப்பட்டதில் பெரும்பகுதி இடம் மாறிய வேலை. வரி வருமானத்தை இரு பக்கமும் இழந்தன. 2019இல்தான் இரு மாநிலங்களும் அந்தப் போட்டியை நிறுத்த உடன்பட்டன.

சலுகைகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த பொருளியலாளர் டிமோத்தி பார்டிக், 2018இல் வெளியிட்ட ஆய்வில் முந்தைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தார். சலுகை பெற்ற நூறு நிறுவனங்களில் குறைந்தது 75, சலுகை இல்லாவிட்டாலும் அதே இடத்துக்கு வந்திருக்கும் என்பதுதான் அவர் கண்டது. எங்கே ஆட்கள் கிடைப்பார்கள், சரக்கு எப்படிப் போகும், மின்சாரம் நிற்காமல் வருமா என்று பார்த்துத்தான் நிறுவனங்கள் முடிவெடுக்கின்றன. சலுகையைக் கடைசியில் கேட்டு வாங்கிக்கொள்கின்றன.

பெரிய நிறுவனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வந்தால் வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் சில வரிகள் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வேலை என்றால் எத்தனை மாதம் நீடிக்கிற, எவ்வளவு ஊதியம் தருகிற வேலை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சொன்னபடி நடக்காவிட்டால் எந்தத் தொகை எந்தத் தேதிக்குள் திரும்ப வர வேண்டும் என்பது இருக்க வேண்டும். வேலைகள் வர வர, கட்டம் கட்டமாகத்தான் நகரத்தின் செலவும் நடக்க வேண்டும். அப்புறம், விட்டுக்கொடுத்த வரி எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் மக்களுக்குத் தெரியும்படி வெளியிட வேண்டும். அமெரிக்காவில் உள்ளாட்சிகளின் கணக்குத் தரத்தை வகுக்கும் வாரியம் 2015இல் இதையே ஒரு விதியாக்கியது. அதுவரை அந்தத் தொகை பெரும்பாலான நகரங்களின் கணக்கறிக்கையில் எங்கேயும் தனியாகத் தெரிந்ததில்லை.

சரி, இனி நான் உண்மையில் பேச வந்த விஷயம்.

இங்கிலாந்தின் வடமேற்கில் பிரஸ்டன் என்ற நகரம் இருக்கிறது. ஒரு காலத்தில் பஞ்சாலைகளால் வாழ்ந்த ஊர். அங்கேயும் பெரிய கனவு ஒன்று இருந்தது: 70 கோடி பவுண்டு செலவில் நகர மையத்தில் ஒரு வணிக வளாகம். பத்தாண்டுக்கு மேல் அதைப் பேசிக்கொண்டே இருந்தார்கள். 2011இல் முக்கியக் கடை விலகியதும் திட்டம் சரிந்தது. அதே நேரத்தில் மத்திய அரசின் நிதியும் வெட்டப்பட்டது. கையில் பணமும் இல்லை, வரப்போகிறவரும் இல்லை. அப்போதுதான் நகராட்சி திரும்பி உள்ளே பார்த்தது.

ஊரை விட்டுப் போகவே முடியாத பெரிய அமைப்புகள் எவை என்று பட்டியல் போட்டார்கள். நகராட்சி, மாவட்ட நிர்வாகம், பல்கலைக்கழகம், கல்லூரி, காவல்துறை, வீட்டுவசதிச் சங்கம். இவை எல்லாம் சேர்ந்து ஓராண்டில் பொருளும் சேவையும் வாங்கச் செலவிட்டது ஏறத்தாழ 75 கோடி பவுண்டு. அதாவது, வராமல் போன வணிக வளாகத்தின் மொத்த மதிப்பையும் தாண்டிய தொகை, ஆண்டுதோறும் அந்த நகரத்தின் வழியாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதில் பிரஸ்டன் நகரத்துக்குள் தங்கியது 2012–13இல் வெறும் 5 விழுக்காடு. சுற்றியுள்ள லங்காஷயர் மாவட்டம் முழுவதையும் சேர்த்தாலும் 39 விழுக்காடு.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2016–17இல், அந்த 5 விழுக்காடு 18.2 ஆகியிருந்தது. 39 விழுக்காடு 79.2 ஆகியிருந்தது. இடையில் மொத்தச் செலவு குறைந்திருந்தது. அப்படியிருந்தும் நகரத்துக்குள் தங்கிய பணம் 4 கோடிக்கும் குறைவான பவுண்டிலிருந்து 11 கோடியை எட்டியது.

எப்படிச் செய்தார்கள்? அப்போது அங்கே நடப்பிலிருந்த ஐரோப்பியக் கொள்முதல் விதிப்படி, உள்ளூர்க்காரர் என்பதற்காக மட்டும் ஒருவருக்கு ஒப்பந்தம் தர முடியாது. விதியை அவர்கள் மீறவில்லை. ஒப்பந்தத்தை எழுதும் விதத்தை மாற்றினார்கள். பள்ளி உணவுக்கான கொள்முதலை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தமாகக் கட்டினால், நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் நிறுவனம் ஒன்றுதான் போட்டி போட முடியும். மாவட்ட நிர்வாகம் அதை முட்டைக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, தயிருக்கு ஒன்று என்று பிரித்தது. அந்தந்தப் பொருளை விற்கும் சுற்றுவட்டார வணிகர்கள் முன்வந்தார்கள், வென்றார்கள். அவர்கள் வாங்கியதோ அக்கம்பக்கத்துப் பண்ணைகளிலிருந்து. பொதுப்பணத்தில் வாங்கும்போது விலையோடு சமூகப் பயனையும் சேர்த்து எடைபோடலாம் என்று 2012இல் பிரிட்டன் கொண்டுவந்த சட்டமும் துணை நின்றது.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம், ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் இருக்கும் நிபந்தனைகள்தான் உள்ளூர் வேலைவாய்ப்பைத் தீர்மானிக்கின்றன என்பதை என் தொழிலில் தொடர்ந்து பார்ப்பதுதான். மூன்றாண்டு விற்றுமுதல் இவ்வளவு இருக்க வேண்டும், இதே அளவிலான பணியை முன்பே செய்திருக்க வேண்டும், வைப்புத்தொகை இவ்வளவு கட்ட வேண்டும். ஒவ்வொரு நிபந்தனையும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். மூன்றும் சேர்ந்தால், எட்டுப் பேரை வைத்துப் பள்ளிக்கூட பெஞ்சுகளைப் பிரமாதமாகச் செய்யக்கூடிய தச்சுப் பட்டறை வாசலிலேயே நின்றுவிடுகிறது. பெரிய ஒப்பந்ததாரர் வேலையை எடுத்து, கமிஷன் கழித்துக்கொண்டு, அதே பட்டறைக்கு உள் ஒப்பந்தமாகக் கொடுக்கிறார். நகரம் முழு விலை கொடுக்கிறது, பட்டறைக்கு மிஞ்சுவது கூலி. அந்தக் கமிஷனில்தான் ஒன்பதாவது ஆளின் சம்பளம் இருந்தது.

இங்கே நீங்கள் ஓர் எதிர்வாதம் வைப்பீர்கள், அது வலுவானதுதான். உள்ளூர் என்ற பெயரில் உறுப்பினரின் மைத்துனருக்கு ஒப்பந்தம் போய்விடாதா? போகும், கதவை மூடிவைத்தால். சின்னச் சின்னதாகப் பிரித்த ஒப்பந்தங்கள் ஒன்றுவிடாமல் வெளிப்படையாக இருக்க வேண்டும். யார் யார் விலை சொன்னார்கள், யாருக்குக் கிடைத்தது, ஏன், எவ்வளவு பணம், எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் எவரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். தரம் குறைந்தால் உள்ளூர்க்காரரையும் நீக்க வேண்டும். ஊரில் கிடைக்காத பொருளை ஊரிலேயே வாங்கியே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பதும் கெடுதிதான். நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பச் சொல்லவில்லை. உள்ளே செய்யத் தெரிந்தவர் இருந்தும், நிபந்தனையின் அமைப்பால் மட்டும் பணம் வெளியே போகிற ஓட்டைகளை அடைத்துவிடுங்கள் என்கிறேன்.

ஒப்பந்தம் கிடைத்தால் மட்டும் போதாது. பணம் வர வேண்டும். உள்ளாட்சிகளின் மேல் எனக்குள்ள மிகப் பெரிய மனத்தாங்கல் இதுதான், கொஞ்சம் நீட்டித்தே சொல்கிறேன்.

ஒரு சிறு நிறுவனம் வேலையை முடித்து பில் கொடுக்கிறது. பொறியாளர் அளவெடுக்க வேண்டும், தணிக்கைப் பிரிவு பார்க்க வேண்டும், நிதி வந்து சேர வேண்டும். மாதங்கள் ஓடும். இதற்கிடையில் அந்த முதலாளி மூலப்பொருள் கொடுத்தவருக்குப் பணம் தர வேண்டும், வாரக்கூலி தர வேண்டும், வங்கிக்கு வட்டி கட்ட வேண்டும். வங்கி கைவிட்டால் கந்துவட்டி. என்னிடம் கணக்கு கொடுத்திருந்த ஒரு குடும்பத் தொழில், ஒரு பொது அமைப்பிடமிருந்து வர வேண்டிய பாக்கிக்குக் காத்திருந்தே இரண்டு இயந்திரங்களை விற்றது. இயந்திரத்தோடு அதை ஓட்டிய நான்கு பேரும் போனார்கள். பாக்கி பிறகு முழுவதுமாக வந்தது. நான்கு பேர் திரும்பி வரவில்லை. அவர்கள் வேறு ஊரில் வேறு வேலையில் இருந்தார்கள்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. பொது அமைப்புகள் பொதுவாக 30 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் நெறிமுறை வகுத்தது. இந்தியாவில் சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் போய்ச்சேர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி. ஆனால் அந்த வட்டியைக் கேட்டு முறையிடுகிற சிறு முதலாளியை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். கேட்டால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது என்ற பயம். அதனால் சட்டத்தைப் பயன்படுத்தும் பொறுப்பை அவர் தலையில் போடாதீர்கள். கேட்காமலே வட்டி சேர்ந்து போகும்படி உங்கள் கணக்குப் பிரிவை மாற்றுங்கள். பில் வந்த தேதி, பணம் போன தேதி, இரண்டையும் மாதந்தோறும் வெளியிடுங்கள். ஒரு தொழிற்பூங்கா கட்டும் செலவில் சிறு பங்குகூட இதற்கு ஆகாது. இதனால் காப்பாற்றப்படும் வேலைகள் எந்தத் திறப்பு விழாவிலும் எண்ணப்படாது என்பதால்தான் இது தள்ளிப்போகிறது என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் 2008இல் தொடங்கிய எவர்கிரீன் கூட்டுறவுகள் இன்னொரு படி மேலே போயின. நகரின் பெரிய மருத்துவமனைகளும் பல்கலைக்கழகமும் கோடி கோடியாகச் செலவழித்துக்கொண்டிருக்க, அவற்றைச் சுற்றியிருந்த குடியிருப்புகள் வறுமையில் கிடந்தன. அந்தக் குடியிருப்புகளில் இருப்பவர்களே உரிமையாளர்களாக இருக்கும் சலவை நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. மருத்துவமனைத் துணிகளுக்குச் சலவை எப்போதும் தேவை, அதை வேறு நாட்டுக்கு அனுப்ப முடியாது. நினைத்த வேகத்தில் அது வளரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் பத்தாண்டு போராட்டம்தான். 2018இல் கிளீவ்லேண்ட் கிளினிக் என்ற பெரிய மருத்துவமனை தன் சலவைப் பணியை அவர்களிடம் ஒப்படைத்த பிறகுதான் பெரிய அளவில் ஆள் சேர்க்க முடிந்தது. வாங்குகிறவர் மனம் வைக்கும்வரை விற்கிறவரின் திறமை மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இப்போது இரண்டாவது கேள்வி: இருக்கிற தொழில்கள் ஏன் வளரவில்லை?

1980களில் கொலராடோ மாநிலத்தின் லிட்டில்டன் என்ற சிறு நகரத்தில், ஏவுகணை தயாரித்துக்கொண்டிருந்த பெரிய நிறுவனம் ஆயிரக்கணக்கானவர்களை நீக்கியது. அடுத்த பெரிய நிறுவனத்தைத் தேடுவதில்லை என்று நகராட்சி முடிவு செய்து, 1987இல் வேறொரு திட்டத்தைத் தொடங்கியது. வரிச்சலுகை எதுவும் கிடையாது. வளரும் நிலையில் இருக்கிற உள்ளூர் நிறுவனங்களுக்குச் சந்தைத் தகவல் தேடிக் கொடுப்பது, வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடம் போட்டுக் கொடுப்பது, போட்டியாளர்கள் என்ன செய்கிறார்கள் என்று சொல்வது. பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கும் ஆராய்ச்சியை நகராட்சி ஊழியர்கள் சிறியவர்களுக்குச் செய்து கொடுத்தார்கள். இருபது ஆண்டுகளில் அந்த நகரத்தின் வேலைகள் ஏறத்தாழ இரு மடங்காயின. எல்லாம் அந்தத் திட்டத்தால்தான் என்று சொல்லமாட்டேன். சுற்றியிருந்த பகுதியும் வளர்ந்தது. ஆனாலும் சலுகை கொடுக்காமல் ஒரு நகரம் வளர முடியும் என்பது தெளிவாகிறது.

இத்தாலியின் எமிலியா-ரொமாஞா பகுதியில் கார்ப்பி என்ற ஊர் பின்னலாடைக்குப் பெயர் பெற்றது. பெரும்பாலும் சில ஆட்களே வேலை செய்யும் மிகச் சிறிய பட்டறைகள். அடுத்த பருவத்தில் எந்த நிறம் விற்கும், எந்த நூல் வரும் என்று அறிந்துகொள்ள ஒரு பட்டறையால் தனியாகச் செலவு செய்ய முடியாது. 1980இல் அங்கே பொது உதவியோடு ஒரு தகவல் மையம் அமைக்கப்பட்டது. சந்தா கட்டிய எல்லாப் பட்டறைகளும் அதைப் பகிர்ந்துகொண்டன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மானியம் கொடுத்திருந்தால் பணம் கரைந்திருக்கும். பரிசோதனைக் கூடம், சாயக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, குளிர்பதனக் கிடங்கு, வடிவமைப்புக் கருவிகள் என்று எந்தத் தொழிலுக்கு எது பொதுவாகத் தேவை என்பதை அந்தத் தொழில்காரர்களிடமே கேளுங்கள். ஆலோசனை நிறுவனத்துக்குக் காசு கொடுத்து அறிக்கை வாங்கும் முன், அவர்களோடு உட்காருங்கள்.

சிறியவர்கள் எல்லாரும் வேலை கொடுப்பார்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்க நிறுவனப் பதிவுகளை வைத்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, புதிய வேலைகளை நிகரமாக உருவாக்குவதில் நிறுவனத்தின் அளவைவிட வயதுதான் முக்கியம் என்று காட்டியது. புதிதாகத் தொடங்கிய இளம் நிறுவனங்கள்தான் அதிக வேலை தருகின்றன. அவற்றில் பலவும் சில ஆண்டுகளுக்குள் மூடப்பட்டும்விடுகின்றன. ஆகவே தொடங்குவதற்கான தடையும் குறைய வேண்டும், தோற்றவர் கடனில் மூழ்காமல் மறுபடி தொடங்கும் வழியும் வேண்டும். உரிமம் கேட்டு ஏழு அலுவலகம் ஏறி இறங்குகிறவருக்கு, தொடங்கும் முன்பே முதலீட்டில் ஒரு பகுதி, பூட்டிக் கிடக்கும் கடையின் வாடகையாகப் போய்விடுகிறது.

தெருவில் வியாபாரம் செய்கிறவர்களை உங்கள் பொருளாதாரத் திட்டங்களில் நான் பார்ப்பதே இல்லை. ஆக்கிரமிப்பு அகற்றும் பிரிவின் கோப்பில்தான் பார்க்கிறேன். உலகில் வேலை செய்பவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 200 கோடிப் பேர், முறைசாராப் பொருளாதாரத்தில் இருக்கிறார்கள் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணித்தது. இவர்களை ஒதுக்கிவிட்டு உள்ளூர் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுவது எப்படி? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம் வழி காட்டியது. நகரத்தின் பெரிய போக்குவரத்துச் சந்திப்பான வார்விக்கில் ஆயிரக்கணக்கான வியாபாரிகள் இருக்கிறார்கள். நிறவெறி ஆட்சிக்காலம் அவர்களை விரட்டியது. 1990களின் பிற்பகுதியில் நகராட்சி ஒரு குழுவை அந்த இடத்திலேயே அமர்த்தி, வியாபாரிகளோடு பேசிப் பேசி நிழற்கூரை, தண்ணீர், சரக்கறை அமைத்தது. கட்டி முடிக்கப்படாமல் நின்ற மேம்பாலத் துண்டின்மேல் மூலிகைச் சந்தை எழுந்தது. 2001இல் முறைசாராத் தொழிலுக்கென்றே ஒரு கொள்கையை அந்த நகரம் ஏற்றது. அதே நகராட்சி, 2010 உலகக் கோப்பை நெருங்கியபோது அங்கிருந்த பழைய காலைச் சந்தையை இடித்து வணிக வளாகம் கட்டப் பார்த்தது என்பதும் உண்மை. வியாபாரிகள் போராடி, நீதிமன்றம் போய், அதைத் தடுத்தார்கள். நல்ல கொள்கை இருந்தாலும் அடுத்து வருகிற நிர்வாகம் அதை மறந்துவிடும். அதனால்தான் வியாபாரிகளுக்கு முடிவெடுக்கும் குழுவில் சட்டப்படி இடம் வேண்டும். இந்தியாவின் 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுக்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் அவர்களுக்கு என்கிறது. அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

திறன் பயிற்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். ஜெர்மனியில் தொழில் கற்கும் இளைஞர் வாரத்தின் பெரும்பகுதியை நிறுவனத்திலும் மீதியைத் தொழிற்பள்ளியிலும் கழிக்கிறார், உதவித்தொகையும் பெறுகிறார். அந்த முறை நடப்பதற்குக் காரணம், பாடத்திட்டத்தை வகுப்பதில் நிறுவனங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் பங்கு இருப்பது. ஊரில் யாரும் ஆள் எடுக்காத வேலைக்குச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிற பயிற்சி மையங்களை மூடிவிட்டு, ஆள் தேவைப்படும் பட்டறையிலேயே பயிற்சிக்கு ஊதியம் கொடுங்கள்.

பயிற்சியைவிட அதிகம் மறக்கப்படுவது பேருந்தும் குழந்தைக் காப்பகமும். வேலை நகரத்தின் ஒரு விளிம்பில், ஆள் மறு விளிம்பில், நடுவே இரண்டு மணி நேரப் பயணம் என்றால் அந்த வேலை அவருக்கு இல்லாத வேலைதான். கனடாவின் கியூபெக் 1997இல் நாளொன்றுக்கு 5 டாலர் கட்டணத்தில் காப்பகம் தரத் தொடங்கிய பின், சிறு குழந்தைகள் உள்ள தாய்மார்கள் வேலைக்குப் போவது தெளிவாகக் கூடியது. காப்பகத்தில் வேலை பார்ப்பதும் உள்ளூர் வேலைதான். பணிமனை நேரத்துக்கு ஒத்து ஓடும் பேருந்து வழித்தடம் ஒன்றை, வேலைவாய்ப்புத் திட்டம் என்றே வரவுசெலவில் எழுதலாம்.

ஒரே தொழிலை நம்பிய நகரங்களின் கதி உங்களுக்குத் தெரியும். கார்த் தொழிலை நம்பி 1950இல் 18 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த அமெரிக்காவின் டெட்ராய்ட், 2013இல் 1,800 கோடி டாலர் கடனோடு திவால் மனு போட்டது. நெதர்லாந்தின் ஐந்தோவனுக்கும் அப்படியொரு நேரம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் பெருமளவு ஆள்குறைப்பு செய்தது, 1993இல் லாரி தயாரித்த டாஃப் திவாலானது. சுற்றியிருந்த 21 நகராட்சிகள் மக்கள்தொகைக் கணக்கில் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு ஒரு பொது நிதியைத் தொடங்கின. பல்கலைக்கழகமும் நிறுவனங்களும் ஒரே மேசைக்கு வந்தன. அக்கம்பக்கத்து ஊர்கள் ஒன்றையொன்று சலுகை காட்டித் தின்பதற்குப் பதிலாக, சேர்ந்து நின்றன. கணினிச் சில்லு அச்சிடும் இயந்திரங்களில் இன்று உலகின் முதல் நிறுவனமான ஏஎஸ்எம்எல் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதன் நுணுக்கமான பாகங்களில் பலவற்றைச் செய்து கொடுப்பவர்கள் அந்த வட்டாரத்துப் பட்டறைகள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு உங்களிடம் நான் கேட்பது மிகச் சிறியது. அடுத்த நிதியாண்டு தொடங்கும் முன், கடந்த மூன்றாண்டுகளில் உங்கள் மன்றம் யார் யாருக்குப் பணம் கொடுத்தது என்ற முழுப் பட்டியலை எடுங்கள். உங்கள் கணக்குப் பிரிவில் அது ஏற்கனவே இருக்கிறது. பணம் பெற்றவரின் முகவரியைப் பார்த்து மூன்றாகப் பிரியுங்கள்: நகரத்துக்குள், வட்டாரத்துக்குள், வெளியே. வெளியே போனவற்றில் பெரிய நூறு இனங்களை எடுத்து, இவற்றில் எதை இங்கிருப்பவர்கள் செய்ய முடியும் என்று உள்ளூர்த் தொழில் சங்கங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பில்லுக்கும் பணத்துக்கும் இடையே எத்தனை நாள் ஆனது என்பதைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள். அந்தத் தாளை மன்றக் கூட்டத்தில் வைத்து, பொதுமக்களும் பார்க்கக் கொடுங்கள். தேவைப்பட்டால், என்னைப் போல் கணக்கு எழுதுகிறவர்கள் எல்லா நகரங்களிலும் இருக்கிறோம். பட்டியலைப் பிரிக்க ஊதியமில்லாமல் வந்து உட்காருவோம்.

மரியாதையுடன்,
சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதும் ஒருவன்